ஒரிஜினல் பேனாக்கத்திக்கும் 150 ரூபா டூப்ளிகேட்டுக்கும் என்ன வித்தியாசம்?

எவ்ரிடே கேரி கத்தின்னா தினமும் பாக்கெட்ல கிடக்குற சின்ன மடக்கு கத்தி, அவ்ளோதான். பார்சல் பிரிக்க, கயிறு அறுக்க, பழம் நறுக்க. அதுல எல்லாருக்கும் தெரிஞ்சது ஸ்விட்சர்லாந்து விக்டோரிநாக்ஸ், 1884ல ஆரம்பிச்ச கம்பெனி, அந்த சிவப்பு பிடியைத்தான் பிளாட்பாரம் பூரா காப்பி அடிச்சு வச்சிருக்காங்க.

வித்தியாசம் இரும்போட பதத்துல இருக்கு. நல்ல பிளேடை ஆயிரம் டிகிரிக்கு மேல காய்ச்சி, குளிர வச்சு, திரும்ப லேசா சூடு காட்டுவாங்க, அப்பதான் உடையாமலும் இருக்கும் கூரும் நிக்கும். சூளையில வெந்த செங்கல்லும் பச்சை செங்கல்லும் பார்க்க ஒரே அளவுதான், ஒரு மழை பெஞ்சா தெரிஞ்சிடும்ல, அதே கதைதான்.

நான் முதல்ல வாங்கினது டூப்ளிகேட். ஒரு தேங்கா நார் கயிறை அறுத்தேன், வெட்டுற ஓரம் அப்படியே மடங்கி நகத்துல மாட்டுது, பிளேடு வேற இடதும் வலதுமா ஆடுது, கொஞ்சம் அழுத்தினா விரல் மேலயே மடங்கும், அதுதான் எனக்கு ரொம்ப பயம்.

வாங்கும்போது பெரிய பிளேடோட அடியில பேர் பொறிச்சிருக்கான்னு பாருங்க, ஆனா அதையும் காப்பி அடிக்கிறாங்க, அதனால திறந்து மூடியும் பாருங்க. டக்குனு உட்காரணும், பிடிக்குள்ள இருக்குற தகடு அடுக்குகளுக்கு நடுவுல வெளிச்சம் தெரியக்கூடாது.

புதுசுல பேப்பரை சர்ருன்னு கிழிச்சா நல்ல கத்தின்னு நிறைய பேர் நினைக்கிறாங்க, அது தப்பு, எந்த தகரத்தையும் ஒரு நாளைக்கு கூர் தீட்டிடலாம்.