ஞாபகத்துலயே இல்லாத ஃபிட்ஸை எப்படி கணக்கு வைக்கிறது?

வணக்கம் அண்ணா,

உங்களுக்கும் ஃபிட்ஸ் இருக்குன்னு நீங்க எழுதினதை படிச்சேன். நான் கடலூர்ல ஒரு ஜவுளிக்கடைல பில்லிங்ல இருக்கேன். நாலு வருஷமா மாத்திரை சாப்பிடறேன். டாக்டர்கிட்ட போனா முதல் கேள்வியே இந்த மாசம் எத்தனை தடவைன்னுதான். எனக்கு ஒண்ணும் ஞாபகம் இருக்காது, அம்மா முந்திக்கிட்டு "ஒண்ணும் வரல சார்"னு சொல்லிடறாங்க. ஆனா போன வாரம் பில் போடும்போது அப்படியே நின்னுட்டேனாம், துப்பட்டாவை கசக்கிட்டே இருந்தேனாம், கூப்பிட்டா திரும்பலையாம், கூட வேலை பார்க்கிற அக்கா சொன்னாங்க. அம்மாகிட்ட சொன்னா, வரன் பார்க்கிற நேரத்துல இதையெல்லாம் எழுதி வைக்காதேங்கறாங்க. தெரியாததை எப்படிண்ணா கணக்கு வைக்கிறது?

- பெயர் வேண்டாம், மஞ்சக்குப்பம்

தங்கச்சிக்கு,

அந்த அக்கா சொன்னதை முதல்ல தேதி போட்டு எழுது, அதுதான் உன் நோட்டுல முதல் வரி. நமக்கு வந்ததை நாம பார்க்கவே முடியாது, பார்த்தவங்க சொல்றதையும் உடம்புல மிச்சம் கிடக்கிறதையும் வச்சுத்தான் எழுதணும். இதுல உன் தப்பு ஒண்ணும் இல்ல. 2007ல வெளியான ஒரு ஆய்வுல, ஜெர்மனில பான் நகரத்துல 91 பேரை வீடியோ, ஈஈஜி (தலையில ஒயர் ஒட்டி மூளையோட மின் அலையை பதியற டெஸ்ட்) வச்சு கவனிச்சப்போ, வந்ததுல பாதிக்கு மேல அவங்க கணக்குலயே வரல, தூக்கத்துல வந்ததுல 100க்கு 85க்கு மேல விட்டுப்போச்சு, தினம் கேட்டு ஞாபகப்படுத்தியும் அதே கதைதான். அதனால பக்கம் காலியா இருந்தா சைபர்னு நினைச்சுக்காதே.

நான் தனி ரூம்ல படுக்கிறவன். காலைல காபி பட்டதும் நாக்கு ஓரம் சுரீர்னு எரியுதா (நுனி இல்ல, பக்கவாட்டுல), தலகாணில ரத்தக்கறை இருக்கா, துணி நனைஞ்சிருக்கா, அடிச்சுப் போட்ட மாதிரி உடம்பு வலிக்குதான்னு பார்ப்பேன். இருந்தா "சந்தேகம்"னு மட்டும் எழுதுவேன். யாராவது கண்ணால பார்த்தாதான் "வந்தது". ரெண்டையும் சேர்த்து கூட்டினா டாக்டருக்கு ஒண்ணும் விளங்காது. மாத்திரை விட்ட நாள், கல்யாண வீடு அது இதுன்னு தூக்கம் கெட்ட நாள், அதுவும் பக்கத்துலயே. ஒண்ணு, தினசரி காலண்டர்ல மட்டும் எழுதிடாதே, எங்க வீட்ல அப்பா எழுந்த உடனே தாளை கிழிச்சு கசக்கிப் போட்டுடுவார், நேத்து வந்தது நேத்தோட போச்சு.

அந்த அக்காவை அடுத்த தடவை மணி பார்க்கச் சொல்லு, முடிஞ்சா போன்ல வீடியோ எடுக்கட்டும், நாம சொல்ற கதையைவிட டாக்டருக்கு அதுதான் உதவும் (கடை வாட்ஸ்அப் குரூப்புக்கு போகக்கூடாதுன்னு கண்டிப்பா சொல்லிடு). கை கால் இழுத்தா மட்டும் போனை கீழ வச்சுட்டு ஒருக்களிச்சு படுக்க வைக்கணும். சாவிக்கொத்து, வாயில ஸ்பூன், எதுவும் வேணாம். அஞ்சு நிமிஷம் தாண்டினா 108.

அம்மா விஷயத்துல எனக்கு அவங்க பயம் புரியுது, கோவமும் வருது. "ஒண்ணும் வரல"ன்னா டாக்டர் அதே டோஸைத்தானே எழுதித் தருவார்? கல்யாணத்துக்கு வலிப்பு தடைன்னு இந்து திருமணச் சட்டத்துல இருந்ததையே 1999ல எடுத்துட்டாங்க, சொல்லிப் பாரு, உடனே மாற மாட்டாங்க. அதனால அடுத்த ஓபிக்கு அந்த அக்காவையும் கூட்டிட்டு போ, லீவு கிடைக்கலேன்னா டாக்டர் ரூம்லேர்ந்தே அவங்களுக்கு போன் போட்டு பேச வை. அதுவரைக்கும் ஸ்கூட்டி எடுக்காதே, சில்வர் பீச் போனாலும் தண்ணில இறங்காம மணல்லயே உக்காரு.