எது சுணக்கம், எது மந்தநிலை?

கேள்வி: வணிகச் செய்திகளை மொழிபெயர்க்கிறேன். ஸ்லோடவுன், ரிசெஷன், டிப்ரெஷன் மூன்றையும் 'மந்தநிலை' என்றே எழுதிவந்தேன். ஆசிரியர் திருப்பி அனுப்பிவிட்டார். எதற்கு எந்தச் சொல்?

பதில்: நியாயம் ஆசிரியர் பக்கம்தான். சொல்லைத் தேடுமுன் எண்ணைப் பாருங்கள். ஆண்டுதோறும் 100க்கு 7 என்று கூடிவந்த உற்பத்தி இந்த ஆண்டு 3 மட்டும் கூடினால், 103 ஆகியிருக்கிறது, தளர்ந்தது வேகம்தான். அதற்குச் 'சுணக்கம்' போதும். அதே 100, 97 ஆக இறங்கினால் கதை வேறு. ரிசெஷன் என்ற பேச்சு அங்கேதான் தொடங்குகிறது.

உண்மையில் 'மந்தம்' அங்கே முழுதாகப் பொருந்தாது. மெல்ல நகர்வதால் சனிக்கு மந்தன் என்று பெயர். அது பின்னோக்கிப் போவதாகத் தோன்றும் நாட்களுக்குப் பஞ்சாங்கம் 'வக்கிரம்' என்று தனிச்சொல் வைத்திருக்கிறது. பொருளாதாரம் எழுதியவர்களுக்கு அந்தக் கவனம் இல்லை. ஆனாலும் அச்சில் மந்தநிலை வேரூன்றிவிட்டது. 'பின்னடைவு' என்று மாற்றலாம்தான். தேர்தல் தோல்வி முதல் உடல்நலக் குறைவு வரை எல்லாமே பின்னடைவாகிவிட்ட பிறகு அதில் கூர்மை ஏது? மந்தநிலையை ரிசெஷனுக்கே ஒதுக்குங்கள்.

அடுத்தடுத்து இரண்டு காலாண்டுகள் உற்பத்தி சுருங்கினால் மந்தநிலை என்பது ஒரு கைக்கணக்கு, அவ்வளவுதான். அமெரிக்காவில் இதைத் தீர்மானிக்கும் தேசியப் பொருளாதார ஆய்வுப் பணியகம், 2020 பிப்ரவரி முதல் ஏப்ரல் வரையிலான இரண்டே மாதச் சரிவையும் மந்தநிலை என்றே பதிவு செய்தது. சரிவு அவ்வளவு ஆழம். ஆகவே மூலத்தில் அந்தச் சொல் இல்லாதபோது நீங்களாகச் சேர்க்க வேண்டாம். 'உற்பத்தி சுருங்கியது' என்று எழுதுங்கள்.

மிக ஆழமாகவும் நெடுங்காலமும் நீளும் சரிவுதான் டிப்ரெஷன். அதற்குப் 'பெருமந்தம்'. 1929இல் தொடங்கிய உலகப் பொருளாதாரச் சரிவு அப்படிப்பட்டது. 1933இல் அமெரிக்கத் தொழிலாளர்களில் ஏறக்குறைய நால்வரில் ஒருவருக்கு வேலை இல்லை. சாதாரணச் சரிவுக்கு இந்தச் சொல்லைச் செலவழிக்காதீர்கள்.

உற்பத்தி ஆண்டுக்கணக்கில் ஏறவும் இறங்கவும் இல்லை என்றால் 'தேக்கநிலை'. கூடவே விலைவாசியும் ஏறினால் 'தேக்கவீக்கம்'. ஆலைகள் மூடி, வண்டிகள் நின்றுபோனால் 'முடக்கம்'.

வியாபாரம் டல் என்று கடைக்காரர் சொன்னால் 'விற்பனை மந்தம்' என்று எழுதுங்கள். 'நிலை' வேண்டாம்.