முதல் பத்தியிலேயே நின்றுவிடுகிறதா கதை?

கேள்வி: முன்பெல்லாம் அவ்வப்போது சிறுகதை எழுதுவேன். ஓராண்டாக எதுவும் நகரவில்லை. வேலை முடிந்து வந்து மடிக்கணினியைத் திறந்தால், முதல் பத்தியை எழுதி அழிப்பதிலேயே இரவு போய்விடுகிறது. புலம்பெயர் வாழ்வின் தனிமையை வைத்து ஒரு கதை எழுதிச் சிங்கப்பூரின் தங்கமுனை விருதுப் போட்டிக்கு அனுப்ப ஆசை. என்ன செய்யலாம்? – ஈசூன் வாசகி

பதில்: 'புலம்பெயர் வாழ்வின் தனிமை' என்கிறீர்களே, சிக்கலே அதுதான். அது கருத்தரங்கத் தலைப்பு. கதைக்கு ஓர் ஆள் வேண்டும். அவருக்கு இன்றைக்கே ஒரு காரியம் ஆக வேண்டும். அதற்கு யாராவது குறுக்கே நிற்க வேண்டும். பெரிய கருப்பொருளை முதலில் தீர்மானித்துவிட்டு உட்கார்ந்தால் எந்த வரியும் அதற்கு ஈடாகத் தெரியாது. அழித்துக்கொண்டேதான் இருப்பீர்கள்.

உங்கள் புளோக்கின், அதாவது அடுக்குமாடிக் கட்டடத்தின், கீழ்த்தளத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். மலாய்க்காரர் கல்யாணமும் அங்கேதான், சீனர் வீட்டு இறுதிச் சடங்கும் அங்கேதான். இரண்டுக்கும் நகர மன்ற அனுமதி வேண்டும். ஒரு குடும்பம் ஞாயிற்றுக்கிழமைக் கல்யாணத்துக்கு இடம் எடுத்துவைத்திருக்கிறது. வெள்ளி இரவு எட்டாம் மாடித் தாத்தா இறந்துபோகிறார். இரு வீட்டாருக்கும் பழக்கமானவர், மூன்றாம் மாடியில் தனியாக இருக்கும் ஒரு தமிழ் அம்மா. மலாய் நன்றாகப் பேசுவார். சமாதானம் பேச அவரைத்தான் கூப்பிடுகிறார்கள். அவர் வீட்டுக் கதவை வேறொருவர் தட்டி எத்தனை மாதம் ஆகிறது? நீங்கள் சொல்ல நினைத்த தனிமை அங்கே இருக்கிறது. அந்தச் சொல்லைக் கதையில் ஒருமுறைகூட எழுத வேண்டாம்.

இப்படி ஒரு முடிச்சு கிடைக்காத நாள்களில் பழைய செய்தித்தாளைப் புரட்டுங்கள். 1935இல் கோ. சாரங்கபாணி தொடங்கிய தமிழ் முரசின் பழைய இதழ்கள் தேசிய நூலக வாரியத்தின் மின்தொகுப்பில் இருக்கின்றன. தலைப்புச் செய்திகளைத் தாண்டிப் போங்கள்; சரக்கு சிறு விளம்பரங்களிலும் அறிவிப்புகளிலும்தான். செய்தி விட்டுவிட்ட ஆளைத் தேடுவதும் பலன் தரும். 2011 ஜூன் 30 இரவு, மூடப்படவிருந்த தஞ்சோங் பகார் ரயில் நிலையத்திலிருந்து கடைசி ரயில் புறப்பட்டபோது எல்லாருடைய கண்ணும் ரயில் மேல். அங்கே உணவுக்கடையில் பரோட்டா போட்டவர் மறுநாள் காலை எங்கே போயிருப்பார்?

பணிப்பெண், முதியோர் இல்லம், கட்டுமான ஊழியர் என்று நம் கதைகள் சுற்றிச் சுற்றி வருவதாகக் குறைசொல்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அவர்களைப் பரிதாபத்துக்குரியவர்களாக மட்டுமே காட்டுவதுதான் சலிப்பு. பொய் சொல்லும், கோள்மூட்டும், கணக்கில் கெட்டிக்காரியான ஒரு பணிப்பெண்ணை எழுதிப் பாருங்களேன்.

அழிக்கும் பழக்கத்துக்கு வழி எளிது: முதல் வரைவைத் தாளில் பேனாவால் எழுதுங்கள். இருபது நிமிடம் போதும். தொடக்கத்திலிருந்து எழுத வேண்டிய கட்டாயமும் இல்லை. இருவர் வாக்குவாதம் செய்யும் இடத்திலிருந்து ஆரம்பியுங்கள். 'புளோக்', 'கோப்பிக்கடை' என்று வாயில் வருவதை அப்படியே விடுங்கள். திருத்தம் வேறொரு நாள் வேலை.

ஒன்று மட்டும். எழுத்து மட்டுமல்ல, படிப்பது, சாப்பிடுவது, தூக்கம் எதிலுமே மனம் ஒட்டவில்லை என்றால் மருத்துவரைப் பாருங்கள். அதற்கு எழுத்துப் பயிற்சி மருந்தாகாது.

வரைவு முடிந்ததும் வீட்டாரிடம் கொடுக்காதீர்கள், பாராட்டிவிடுவார்கள். கதை படிக்கும் பழக்கமுள்ள ஒருவரிடம் கொடுத்து, 'எந்த இடத்தில் கைப்பேசியை எடுக்கத் தோன்றியது?' என்று மட்டும் கேளுங்கள். அந்தப் பக்கத்திலிருந்து திருத்தத் தொடங்கலாம்.