தேனீ பிடிக்கும் தாடிக்கார இலையான்: மருந்து அடிக்கலாமா?

கேள்வி: கோப்பாயில் வெங்காயத் தோட்டக் கரையில் மூன்று தேனீப் பெட்டிகள் வைத்திருக்கிறேன். நீண்ட வயிறும் முகத்தில் தாடியும் உள்ள குளவி மாதிரிப் பூச்சி ஒன்று வேலியில் காத்திருந்து, பறக்கிற தேனீயைப் பிடித்து உறிஞ்சுகிறது. ஒருவர் அசிலஸ் என்கிறார், மற்றவர் புரோமாக்கஸ் என்கிறார். எது சரி? மருந்து அடிக்கவா?

பதில்: மருந்து வேண்டாம் ஐயா. வேலிக்கு அடிக்கும் மருந்தில் முதலில் சாவது உங்கள் தேனீதான்.

இது குளவி இல்லை. குளவிக்குச் செட்டை நாலு, இதற்கு இரண்டு. இரு கண்களுக்கும் நடுவே உச்சி பள்ளமாக இறங்கி, வாய்க்கு மேலே விறைத்த மயிர் தாடியாக நிற்கும். அசிலிடே எனும் கொள்ளைக்கார இலையான் குடும்பத்தின் அடையாளம் அது. உலகில் இக்குடும்பத்தில் 7000க்கு மேற்பட்ட இனங்கள் உண்டு.

பெயரில் இரண்டு பேரும் முற்றாகப் பிழை இல்லை. அசிலஸ் என்ற பேரினம் சுவீடன் இயற்கையியலாளர் லின்னேயஸ் 1758இல் வைத்தது. பிறகு வந்தவர்கள் அகப்பட்டதையெல்லாம் அதற்குள்ளேயே போட்டார்கள். இப்போது புரோமாக்கஸ் மகுலேட்டஸ் எனப்படும் இனத்தையும் ஃபாப்ரீசியஸ் 1775இல் அசிலஸ் என்றே எழுதினார். லோவ் 1848இல்தான் புரோமாக்கஸைத் தனிப் பேரினமாகப் பிரித்தார். துணைக்குடும்பம் சில நூல்களில் அபோகிளைனே, சிலவற்றில் அசிலினே. தோட்டத்தில் அந்தப் பிணக்கால் ஒன்றும் ஆகாது.

பார்க்க வேண்டிய இடம் செட்டை. பூச்சியைக் கையால் பொத்தாதீர்கள், கடி நன்றாக வலிக்கும். வலையால் பிடித்துப் போத்தலில் இட்டு, குளிர்சாதனப் பெட்டியின் உறைபகுதியில் ஒரு இரவு விடுங்கள். பிறகு பத்து மடங்கு பெருக்கும் கண்ணாடியால், செட்டை நுனிப் பக்கம் முன்விளிம்புக்குக் கீழே வரும் அறைகளை, அதாவது நரம்புகளுக்கு நடுவே உள்ள கட்டங்களை, எண்ணுங்கள். பெரும்பாலான நெருங்கிய உறவுகளுக்கு அங்கே இரண்டு அறை. புரோமாக்கஸில் கவர் நரம்பு ஒன்று மேலே போய் ஒட்டுவதால் மூன்று. பல இனங்களில் ஆணின் வால் நுனியில் வெள்ளை மயிர்க் கற்றை இருக்கும், பெண்ணுக்கு வால் கூர்ந்திருக்கும். இரண்டையும் வேறு வேறு பூச்சி என்று எண்ணி ஏமாறுவோர் உண்டு. உருவம் சிறிதாய், உணர்கொம்பின் நுனி இறகு போலிருந்தால் அது ஒமேட்டியஸ்.

கூட்டம் பலமாக இருந்தால் சில வேலைக்காரத் தேனீக்கள் போவதால் பெட்டி கெடாது. புது இராணி கலவிப் பறப்புக்குப் போகும் நாட்களில்தான் கவனம் தேவை. அவள் அகப்பட்டால் பெட்டி இராணியில்லாமல் போகும். அந்த நாட்களில் உச்சி வெயிலில் வலையோடு நின்று பிடியுங்கள். வாசலுக்கு எதிரே பட்ட கதியால், வெறுங் கம்பி, காய்ந்த கொப்பு இருந்தால் எடுத்துவிடுங்கள். இது வெயிலில் உயர இருந்து பாயும் பூச்சி. பெட்டியை மாநிழலுக்கு நகர்த்தினால் தொல்லை குறையும்.

கூண்டோடு அழிக்க நினைக்கவும் வேண்டாம். இதன் புழு மண்ணுக்குள் மற்றப் பூச்சிகளின் புழுக்களை, குறிப்பாக வண்டுப் புழுவை, தின்னும். செம்மண்ணைக் கொத்தும்போது வளைந்து, கபிலத் தலையும் ஆறு காலும் உள்ளது வந்தால் அது வேர் தின்னும் வெண்புழு, பொறுக்கி எடுங்கள். காலில்லாமல் இரு நுனியும் ஒடுங்கி, தலை மிகச் சிறிதாய் இருந்தால் இதன் புழுவாக இருக்கலாம், அதை விட்டுவிடுங்கள்.

இனம் வரை உறுதிப்படுத்த ஆணின் வால் நுனி உறுப்பைப் பார்க்க வேண்டும். ஆண் ஒன்று, பெண் ஒன்று, நெஞ்சின் வலப்பக்கமாக ஊசி குத்தி உலரவிட்டு, இடம், திகதி, பிடித்த இரை எழுதிய துண்டோடு அனுப்புங்கள். மதுசாரத்தில் ஊற வைத்தால் மயிரின் நிறம் போய்விடும்.