நீங்கள் கேட்கவே விரும்பாத அன்றாடச் சொல் எது? ஏன்?

கேள்வி கேட்டவர் தம் விளக்கத்தில், ஒரு குறிப்பிட்ட சொல் காதில் விழுந்தாலே தமக்கு உடம்பு கூசுகிறது என்றும், வீட்டில் சொன்னால் ‘ஒரு வார்த்தைக்குப் போய் இவ்வளவா’ என்று கேட்கிறார்கள் என்றும் எழுதியிருக்கிறார். எந்தச் சொல் என்று அவர் எழுதவில்லை. எழுதக்கூடக் கை வராத சொல்லாக இருக்கும் என்று நினைக்கிறேன். எனக்கும் அப்படி ஒன்று உண்டு. இறந்தவரைக் குறிக்க இன்று மருத்துவமனையிலும் தெருவிலும் இழவு வீட்டிலும் எல்லோரும் சொல்லும் ‘பாடி’ என்ற சொல்தான் அது.

ஆங்கிலச் சொல் என்பதற்காக நான் அதை வெறுக்கவில்லை. அரசுப் பள்ளியில் தமிழாசிரியையாக இருப்பதால் பலரும் உடனே அப்படித்தான் முடிவு கட்டுகிறார்கள். பஸ், டீ, போன் என்று நானும் நாள் முழுக்கச் சொல்கிறேன். அதைவிட, ‘பாடி’ எங்கள் வீட்டுக்கு அந்நியமான சொல்லே அல்ல. முப்பது ஆண்டுகளுக்கு மேல் எங்களுக்குச் சோறு போட்ட சொல்.

நான் பிறந்து வளர்ந்தது நாமக்கல் பக்கம். லாரித் தொழிலை அறிந்தவர்களுக்கு நாமக்கல் என்றால் பாடி கட்டும் ஊர். அந்தக் காலத்தில் தொழிற்சாலையிலிருந்து புது வண்டி வெறும் சேசிஸாக, அதாவது எஞ்சினும் சக்கரமும் அடிச்சட்டமும் மட்டுமாக வரும். ஓட்டி வருகிறவர் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, வெயிலும் காற்றும் நேராக முகத்தில் அடிக்க, கூரையில்லாத இருக்கையில் உட்கார்ந்தே பல மாவட்டங்களைக் கடந்து வந்து சேருவார். அதற்குக் கேபினும் சரக்கேற்றும் பாடியும் கட்டித் தருவது எங்கள் ஊர்ப் பட்டறைகளின் வேலை. அப்பா அப்படியொரு பட்டறையில் மரவேலை ஆசாரி. நாமக்கல் 1997-இல் சேலத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமாவதற்கு வெகு காலம் முன்பே, பதினாறு வயதில் உளி பிடித்தவர், கடைசி வரை வேறு வேலைக்குப் போகவில்லை. பலகையைப் பொருத்தி முடித்ததும் அதன் விளிம்பு நெடுகிலும் உள்ளங்கையால் தடவிப் பார்ப்பார். ‘லோடுமேன் கை வெக்கிற எடம் கண்ணு, சிராய் ஏறிரும்’ என்பார். அவருடைய இடக்கைக் கட்டைவிரல் நகம் எப்போதோ சுத்தியல் அடி வாங்கி, நடுவே பிளந்து, இரண்டு நகம்போலவே வளர்ந்திருந்தது.

பட்டறையில் ஒரு வண்டி முடிந்த அன்று அப்பா வீட்டு வாசலில் சைக்கிளை நிறுத்தும்போதே ‘பாடி ரெடி’ என்று குரல் கொடுப்பார். கணக்கு முடிந்து கூலி வந்துவிட்டது என்று அதற்குப் பொருள். காரமும் ஜிலேபியும் கட்டிய பொட்டலம் ஹேண்டில்பாரில் தொங்கும். நானும் தம்பியும் படித்தது அந்தக் கூலியில்தான். பள்ளிக்கூடத்தில் ‘அப்பா என்ன செய்கிறார்’ என்று கேட்டால், ‘பாடி கட்டுகிறார்’ என்று நிமிர்ந்து நின்று சொல்லியிருக்கிறேன்.

2018-இல் ஒரு மாலை, பட்டறையிலிருந்து சைக்கிளில் திரும்பிக்கொண்டிருந்தவரை ஒரு பைக் மோதியது. பெரிய அரசு மருத்துவமனை ஒன்றில் மூன்று நாள் நினைவில்லாமல் இருந்தார். மூன்றாம் நாள் மாலை ஐந்து மணிக்கு, தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலுக்கு வந்த செவிலியர், ‘அப்பாவுக்கு பிரஷர் எறங்கிட்டே இருக்குதும்மா, சொந்தக்காரங்களுக்குச் சொல்லிருங்க’ என்றார். ஐந்தரைக்கு அப்பா போய்விட்டார். ஆறு மணிக்கு அதே செவிலியர் அதே வாசலில் ஒரு தாளை நீட்டி, ‘பாடிய மார்ச்சுவரிக்கு மாத்தணும், கையெழுத்துப் போடுங்க’ என்றார். ஐந்து மணிக்கு அப்பா, ஆறு மணிக்குப் பாடி. என் அம்மா இன்னும் உள்ளே போய்ப் பார்த்திருக்கவில்லை. நாங்கள் யாரும் வாய்விட்டு அழக்கூடத் தொடங்கியிருக்கவில்லை.

அந்தச் செவிலியரை நான் குறை சொல்லவில்லை. மூன்று நாளும் எங்களிடம் அவர் முகம் கோணியதில்லை, அந்த ஒரு பிரிவில் எத்தனை பேரை அவர் பார்க்க வேண்டியிருந்தது என்பதையும் கண்ணால் கண்டேன். மருத்துவத் துறையில் இருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு, ‘வேறு எப்படித்தான் சொல்வது’ என்று கேட்கக்கூடும் என்பதால் இதைச் சொல்லி வைக்கிறேன்.

விபத்து என்பதால் போலீஸ் விசாரணையும் பிரேதப் பரிசோதனையும் முடிந்துதான் அப்பாவைத் தருவார்கள். அப்போதெல்லாம் பொழுது சாய்ந்துவிட்டால் பொதுவாகப் பரிசோதனை கிடையாது. வசதியுள்ள மருத்துவமனைகளில் இரவிலும் செய்யலாம் என்று மத்திய சுகாதார அமைச்சகம் விதியை மாற்றியது 2021 நவம்பரில்தான், அதிலும் கொலை போன்ற சில வகைகளுக்கு விலக்கு உண்டு. ஆகவே அந்த இரவு முழுவதும் பிணவறைக்கு வெளியே இருந்த வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தோம். ‘ஆக்ஸிடென்ட் பாடிக்கு யாருங்க வந்திருக்கீங்க?’ ‘பாடி கூட ஆம்பளைங்க யாரு இருக்கீங்க?’ ‘பாடிக்குத் துணி வாங்கியாச்சா?’ தனியார் வண்டிக்காரர் ஒருவர் வந்து, ‘பாடின்னா ரேட்டு தனிங்க’ என்றார். அரசின் இலவச வண்டிக்கு 155377 என்ற எண்ணில் சொல்லிவிட்டோம் என்றான் தம்பி. அந்த வண்டிக்கு ‘அமரர் ஊர்தி’ என்று எவ்வளவு நல்ல பெயர் வைத்திருக்கிறார்கள். யார் யோசித்த பெயரோ, அவருக்கு நான் மனதாரக் கும்பிடு போடுவேன். ஆனால் அந்த வளாகத்தில் யாரும் அந்தப் பெயரைச் சொல்லி நான் கேட்கவில்லை. எல்லோருக்கும் அது ‘பாடி வண்டி’தான்.

மறுநாள் பகல் பதினொரு மணி இருக்கும். சன்னல் கதவைத் திறந்து ஓர் இளைஞர் எட்டிப் பார்த்து, எங்கள் பக்கமாகக் குரல் கொடுத்தார்: ‘பாடி ரெடி, வந்து வாங்கிக்கங்க.’

அந்த இரண்டு சொற்களும் எங்கள் வீட்டு வாசலில் எந்தக் குரலில் ஒலித்தன என்பது அந்தப் பையனுக்கு எப்படித் தெரியும்? அவர்மேல் ஒரு பிழையும் இல்லை. என் அம்மா அதுவரை அழாமல் இருந்தவர், அந்தக் குரலைக் கேட்டதும் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு தரையில் சாய்ந்துவிட்டார். தம்பி அவரைப் பிடித்துக்கொண்டான். உள்ளே நான்தான் போனேன். பெண்கள் வேண்டாம் என்று உறவினர் ஒருவர் தடுத்ததை நான் கேட்கவில்லை.

உள்ளே வேறொருவர் இருந்தார். ஐம்பது வயதுக்கு மேலிருக்கும், அங்கேயே வேலை செய்கிறவர். என்னைப் பார்த்ததும், ‘வாங்கம்மிணி, அப்பாவப் பாத்துக்கங்க’ என்று முகத்துணியை விலக்கினார். நான் முகத்தைப் பார்க்கும் முன் கையைத்தான் பார்த்தேன். கட்டியிருந்த வெள்ளைத் துணியிலிருந்து இடக்கை சற்று வெளியே சரிந்திருந்தது. பிளந்த நகம் தெரிந்தது. அவரும் அதைக் கவனித்து, தூங்குகிற குழந்தையின் கையை எடுத்து வைப்பதுபோல மெதுவாக உள்ளே வைத்துத் துணியை இழுத்துவிட்டார். பிறகு ஸ்ட்ரெச்சரைத் தூக்க வந்த பையன்களிடம், ‘அய்யாவ அலுங்காமத் தூக்குங்கடா, கதவு நிலை தட்டும் பாத்து’ என்றார். அந்தப் பதினேழு மணி நேரத்தில் என் அப்பாவை அப்பா என்றும் ஐயா என்றும் சொன்ன வெளியாள் அவர் ஒருவர்தான். பிணவறையிலேயே காலம் தள்ளுகிறவருக்கு அந்தச் சொல் வந்தது என்பதால், பழகிவிட்டால் சொல் தடித்துப்போகும் என்ற சமாதானத்தை அதன் பிறகு என்னால் முழுதாக ஏற்க முடியவில்லை.

வகுப்பில் தகுதி வழக்கு, அதாவது ஒன்றன் இயல்பான சொல்லை விட்டு இடத்துக்குத் தகுந்த வேறு சொல்லால் சொல்லும் வழக்கு, நடத்தும்போது மங்கலம், இடக்கரடக்கல், குழூஉக்குறி என்று மூன்றையும் வரிசையாகச் சொல்லித் தருகிறோம். நன்னூல் வகுத்தது அது. செத்தாரைத் துஞ்சினார் என்பதும் சுடுகாட்டை நன்காடு என்பதும் மங்கலம். பொற்கொல்லர் தங்களுக்குள் பொன்னைப் பறி என்பது குழூஉக்குறி. பல ஆண்டுகள் தேர்வுக்காக மட்டுமே நடத்திய பாடம் அந்த ஆண்டுதான் எனக்கே புரிந்தது. ‘பாடி’ என்பது மருத்துவர்களும் போலீசாரும் தங்களுக்குள் வைத்திருக்கும் குழூஉக்குறி. ஒரு நாளைக்குப் பலரின் மரணத்தைக் கையாளுகிறவர்களுக்கு அப்படியொரு சொல் தேவைதான். ஒவ்வொருவரையும் யாரோ ஒருவரின் அப்பாவாக நினைத்துக்கொண்டு கத்தியைப் பிடிக்க முடியாது. அவர்கள் தங்களுக்குள் அதைச் சொல்லிக்கொள்வதில் எனக்கு எந்த மறுப்பும் இல்லை. அந்தக் குழுவின் சொல்லை, குழுவுக்கு வெளியே தாளில் கையெழுத்துப் போட நிற்கும் மகளிடம் அப்படியே சொல்லும்போதுதான் அது காயமாகிறது. அந்த இடத்தில் ‘அப்பா’ என்று சொல்வதற்கு ஒரு நொடிகூட அதிகமாகச் செலவாகாது.

திருமூலரைச் சொல்லி என்னை மடக்கியவர்களும் உண்டு. ‘பேரினை நீக்கிப் பிணமென்று பேரிட்டு’ என்று அவரே பாடியிருக்கிறாரே, உலக வழக்கம்தானே என்றார் உடன் வேலை பார்க்கும் ஆசிரியர். அந்தப் பாட்டு எனக்கும் மனப்பாடம். அதில் அந்த அடிக்கு முன்னால் இருப்பது, ‘ஊரெலாம் கூடி ஒலிக்க அழுதிட்டு’ என்ற அடி. ஊர் கூடி, வாய்விட்டு அழுது முடித்த பிறகுதான் பேரை நீக்குகிறார்கள். எங்களுக்கு முதல் சொட்டுக் கண்ணீர் விழும் முன்பே அப்பாவின் பெயர் போய்விட்டது. அரசியலமைப்பின் 21-ஆவது பிரிவு தரும் கண்ணியம் இறந்தபின் உடலுக்கும் உண்டு என்று உச்ச நீதிமன்றம் 1995-லேயே கூறியிருக்கிறது. சட்டப்படி யாரும் இந்தச் சொல்லைத் தடுக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் இழவு வீட்டில் எப்படிக் கேட்பார்கள் என்று நினைத்துப் பார்க்கிறேன். ‘எப்பங்க எடுக்கறாங்க?’ என்பார்கள். யாரை, எதை என்று சொல்லவே மாட்டார்கள். அந்த இடத்தில் எந்தச் சொல்லை வைத்தாலும் வலிக்கும் என்று தெரிந்து, சொல்லே இல்லாமல் ஒரு வாக்கியத்தைப் பழக்கி வைத்திருக்கிறார்கள்.

இதோடு ஒட்டிய ஒரு வருத்தத்தையும் சொல்லிவிடுகிறேன். இறப்புச் சான்றிதழில் அப்பாவின் பெயரில் இருந்த ளகரத்தை லகரமாகப் போட்டுவிட்டார்கள். திருத்துவதற்கு மூன்று முறை விடுப்பு எடுத்து அலைந்தேன். ‘ஒரு எழுத்துதானுங்களே டீச்சர், இன்சூரன்ஸுக்கெல்லாம் இது போதும்’ என்றார் அங்கிருந்தவர். இன்சூரன்ஸுக்குப் போதும் என்பது எனக்கும் தெரியும். ஒரு நாள் முழுக்கப் பேரில்லாமல் கிடந்தவருக்கு, கடைசியாகக் கிடைக்கும் தாளிலாவது பேர் சரியாக இருக்க வேண்டும் என்று அவரிடம் எப்படி விளக்குவது? மூன்றாம் முறைதான் திருத்தித் தந்தார்கள்.

கேள்வி கேட்டவருக்கு: உங்கள் சொல் எதுவென்று வீட்டில் விளக்கிக்கொண்டிருக்க வேண்டாம். அது எங்கே, யார் வாயிலிருந்து, எந்த நேரத்தில் விழுந்தது என்பதை ஒருமுறை சொல்லிப் பாருங்கள். என் கணவரும் முதலில் ‘ஒரு வார்த்தைதானே’ என்றவர்தான். ஜிலேபிப் பொட்டலத்திலிருந்து தொடங்கி முழுவதையும் சொன்னேன். அதன் பிறகு அவர் வாயில் அந்தச் சொல் வந்ததில்லை. லாரிக்குப் பாடி கட்டுவதைப் பேசும்போது மட்டும் நாங்கள் இருவரும் அதைத் தாராளமாகச் சொல்கிறோம். அது அப்பாவின் சொல்.

போன மாதம் எங்கள் தெருவில் ஒரு பெரியவர் கோயம்புத்தூர் மருத்துவமனையில் தவறிவிட்டார். வீட்டில் பிள்ளைகள் யாரும் பேசும் நிலையில் இல்லாததால் வந்த அழைப்புகளுக்கு நான்தான் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். பந்தல்காரர் அழைத்து, ‘டீச்சர், பாடி எத்தன மணிக்கு வருதுங்க?’ என்று கேட்டார்.

‘ஐயா ஏழு மணிக்கு வந்துருவாருங்க’ என்றேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, ‘சரிங்க டீச்சர், ஐயா வர்றதுக்குள்ள பந்தல் போட்டு முடிச்சர்றேனுங்க’ என்றார்.