மூட்டை தூக்குபவருக்கு வந்த வலிப்பு

கேள்வி: என் கணவருக்கு 42 வயது. யாங்கோனில் அரிசி மூட்டை இறக்கும் வேலை. இடுப்பு வலிக்கு மருந்துக்கடையில் டிரமடால் வாங்கிச் சாப்பிட ஆரம்பித்து இரண்டு வருடமாகிறது. முதலில் நாளைக்கு இரண்டு, இப்போது பத்துப் பன்னிரண்டு. தூக்கத்துக்கு அமிட்ரிப்டிலின் மாத்திரையும் உண்டு. போன வாரம் காலையில் கைகால் இழுத்து, வாயில் நுரை தள்ளியது. மாமியார் கையில் சாவிக்கொத்தைத் திணித்தார். அக்கம்பக்கத்தில் 'வெட்யூபியன்' (பர்மிய மொழியில் காக்காவலிப்பு) என்கிறார்கள். இது காக்காவலிப்பா? வாழ்நாள் முழுக்க மாத்திரை சாப்பிட வேண்டுமா? - ஒரு சகோதரி, தன்லின்

பதில்:

அம்மா, எண்ணிக்கையை மறைக்காமல் எழுதியிருக்கிறீர்கள், அதுவே பாதி வைத்தியம். என்னிடம் வருகிறவர்களில் பலர் 'எப்பவாவது ஒண்ணு' என்றுதான் ஆரம்பிப்பார்கள்.

கணக்குப் பார்ப்போம். ஒரு கேப்சூல் பொதுவாக 50 மில்லிகிராம். பன்னிரண்டு என்றால் 600. பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 400-ஐத் தாண்டக் கூடாது. டிரமடாலைப் பாரசிட்டமாலுக்கு அண்ணன் என்று நினைத்து வாங்குகிறார்கள். ஆனால் அது அபின் வகை வலிமருந்து. அந்த வகையிலும் இதற்கு இன்னொரு வேலை உண்டு: மூளையில் செரடோனின், நார் அட்ரினலின் என்ற இரண்டு ரசாயனங்களைக் கூட்டிவிடும். வலிப்பு வரும் அபாயம் இதனால் கூடுகிறது. அளவோடு சாப்பிட்டவருக்கும் எப்போதாவது வருவதுண்டு, அளவு மீறினால் வாய்ப்பு அதிகம். அமிட்ரிப்டிலினும் அதே பக்கம் இழுக்கிற மருந்து, அதனால் இவை இரண்டும் சேர்வது நல்லதல்ல. மாலையில் கொஞ்சம் சாராயமும் உண்டென்றால் (நீங்கள் எழுதவில்லை, நான் கேட்கிறேன்) இன்னும் மோசம்.

அதனால் மாத்திரை மேல்தான் எனக்குச் சந்தேகம். அதுதான் காரணம் என்று உறுதியானால், அதை விட்ட பிறகு பெரும்பாலும் வாழ்நாள் மாத்திரை தேவைப்படாது. ஆனாலும் பழியை முழுக்க மாத்திரை மேல் போட்டுவிட்டுச் சும்மா இருக்கக் கூடாது. நாற்பது வயதுக்கு மேல் முதல் தடவை வலிப்பு வந்தால் தலையை ஸ்கேன் எடுத்துப் பார்த்தே ஆக வேண்டும். நம் பக்கத்தில் பன்றி நாடாப்புழுவின் கட்டி மூளையில் இருந்தும் வலிப்பு வரும். ரத்தத்தில் சர்க்கரையும் சோடியமும் பார்க்கச் சொல்லுங்கள். டிரமடால் இவை இரண்டையும் குறைத்துவிடக் கூடும், அதுவும் வலிப்பைக் கொண்டுவரும்.

ஸ்கேனுக்கு நாள் பார்க்க வேண்டாம், இன்றைக்கே மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். மாத்திரை டப்பாவை ஒளித்து வைத்து ஒரேயடியாக நிறுத்துகிற வேலையை மட்டும் வீட்டில் செய்யாதீர்கள். இரண்டு வருடப் பழக்கம். திடீரென்று நின்றால் வியர்வை, வயிற்றுப்போக்கு, உடம்பு முறிகிற வலி, படபடப்பு எல்லாம் வரும், தாங்க முடியாமல் இன்னும் கூடுதலாக விழுங்குவார். எப்படி, எந்த வேகத்தில் நிறுத்துவது, இடுப்புக்கு வேறென்ன கொடுப்பது என்பதை அவரைப் பார்க்கிற மருத்துவர் முடிவு செய்யட்டும். அமிட்ரிப்டிலினையும் அவரிடமே சொல்லுங்கள்.

மறுபடி இழுத்தால் சாவி, வெங்காயம், எலுமிச்சம்பழம் எதுவும் வேண்டாம். வாயில் கரண்டி வைத்தால் பல்தான் உடையும். ஒருக்களித்துப் படுக்க வைத்து, தலைக்கடியில் துணி மடித்து வைத்து, கடிகாரத்தைப் பாருங்கள். கைகாலை அழுத்திப் பிடிக்காதீர்கள். ஐந்து நிமிடத்தில் நிற்காவிட்டாலோ, நினைவு திரும்பாமல் அடுத்தது வந்தாலோ, மூச்சு மந்தமாகி உதடு நீலமானாலோ உடனே ஆஸ்பத்திரி. மருத்துவர் சரி என்று சொல்லும்வரை பலகை மேல் ஏறி மூட்டை தூக்குவது, வண்டி ஓட்டுவது, ஆற்றில் குளிப்பது மூன்றும் வேண்டாம். கூலி போகும், தெரிந்துதான் சொல்கிறேன்.

போகும்போது காலி அட்டைகளையும் எடுத்துப் போங்கள். அபின் வகை மருந்து அளவு மிஞ்சிப்போனால் அதை முறிக்க நலோக்சோன் ஊசி போடுவார்கள். டிரமடால் விஷயத்தில் அந்த ஊசியே சிலருக்கு வலிப்பைத் தூண்டலாம். மூச்சு நின்றுபோகும் நிலையில் அதைப் போட்டுத்தான் ஆக வேண்டும், ஆனால் எந்த மாத்திரை என்று முன்கூட்டியே தெரிந்தால் மருத்துவர் தயாராக இருப்பார்.