பாத்திரம் கழுவப் போனவர் மேடையேறிய கதை: வாசகர் கேள்வி பதில்

போன இதழில் 'பூல் ஆஃப் லண்டன்' மாதிரியான பழைய பிரிட்டிஷ் படங்களைப் பற்றி எழுதும்போது எர்ல் கேமரன் என்ற கறுப்பின நடிகரின் பெயரை ஒரே வரியில் சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டேன். அது தப்பு என்று வந்திருக்கும் கடிதங்களைப் பார்த்தால் தெரிகிறது. அதனால் இந்த வாரப் பக்கம் முழுக்க அவருக்குத்தான்.

ஐயா, யார் இந்த எர்ல் கேமரன்? ஒரு கறுப்பினத்தவர் அந்தக் காலத்து லண்டனில் எப்படி நடிகரானார்?
– வாசகி, தஞ்சாவூர்

நடிகராக வேண்டும் என்று அவர் லண்டனுக்கு வரவே இல்லை. 1917 ஆகஸ்ட் 8 அன்று பெர்முடா தீவில் பிறந்தவர். வீட்டில் ஆறு பிள்ளைகள், இவர்தான் கடைக்குட்டி. சின்ன வயதிலேயே அப்பா இறந்துவிட, அம்மா ஓட்டல்களில் வேலை செய்து பிள்ளைகளை ஆளாக்கினார். வளர்ந்ததும் வணிகக் கப்பலில் வேலைக்குச் சேர்ந்து நியூயார்க், தென் அமெரிக்கா என்று சுற்றியவர், 1939 அக்டோபரில், அதாவது இரண்டாம் உலகப் போர் தொடங்கின அடுத்த மாதமே, லண்டனில் வந்து இறங்கினார். அங்கே ஒரு பெண்ணோடு பழக்கமாகி, கப்பல் இவரை விட்டுவிட்டுக் கிளம்பிவிட்டது. கையில் காசு இல்லை, கறுப்பினத்தவருக்கு வேலை கொடுக்க ஆளும் இல்லை. கடைசியில் கிடைத்தது உணவகங்களில் பாத்திரம் கழுவுகிற வேலை.

அப்போது நண்பர் ஒருவர் 'சூ சின் சௌ' என்ற இசை நாடகத்தில் சின்ன வேடம் போட்டுக்கொண்டிருந்தார். அவர் தயவில் மேடைக்குப் பின்னால் நின்று நாடகத்தைப் பார்த்த கேமரனுக்கு, பாத்திரம் கழுவுவதைவிட இது எவ்வளவோ தேவலை என்று பட்டிருக்கிறது. எனக்கும் ஒரு இடம் வாங்கித்தர முடியுமா என்று கேட்டிருக்கிறார். ஆட்கள் நிரம்பிவிட்டார்கள் என்று பதில். சில வாரம் கழித்து ஒருநாள் ஆள் ஒருவர் வராமல் போக, நண்பர் ஓடிவந்து இவரை அழைத்துப்போனார், அன்றைக்கே மேடையேறிவிட்டார். நாடகப் பள்ளி கிடையாது, பயிற்சி கிடையாது.

பயிற்சி பிறகு வந்தது, அதுவும் பெரிய இடத்திலிருந்து. உச்சரிப்பு சரியாக வேண்டும் என்று இவர் பாடம் கேட்கப் போனது அமண்டா ஆல்ட்ரிஜ் என்ற முதிய அம்மையாரிடம். அவருடைய அப்பா ஐரா ஆல்ட்ரிஜ், 1833-இலேயே லண்டன் கோவென்ட் கார்டன் மேடையில் ஷேக்ஸ்பியரின் ஒத்தெல்லோவாக நடித்த கறுப்பின நடிகர். அமெரிக்கக் கறுப்பினப் பாடகரும் நடிகருமான பால் ராப்சனும் இந்த அம்மாவிடம் பாடம் கேட்டவர்தான். நாடகப் பள்ளிகளின் கதவு திறக்காத ஒருவருக்கு, நூறு வருஷத்துப் பரம்பரை ஒன்று ஒரு வீட்டு அறையில் கிடைத்தது என்பதை நினைத்தால் எனக்கு இன்னும் மனம் நெகிழ்கிறது.

நம் நாட்டுக்கும் வந்திருக்கிறார், தெரியுமா? 1945-இல் பிரிட்டிஷ் படைவீரர்களுக்காக நிகழ்ச்சி நடத்திய கலைக்குழுவோடு, மூன்று பேர் பாடும் இசைக்குழுவில் ஒருவராக இந்தியாவில் சுற்றியிருக்கிறார்.

'பூல் ஆஃப் லண்டன்' ஒரு வைரக் கடத்தல் படம்தானே? அதை ஏன் இவ்வளவு தூக்கிப் பிடிக்கிறீர்கள்?
– ஓய்வு பெற்ற ஆசிரியர், மதுரை

கடத்தல் படம்தான், மறுக்கவில்லை. லண்டன் பாலத்துக்குக் கீழே தேம்ஸ் நதியில் சரக்குக் கப்பல்கள் வந்து நிற்கும் பகுதிக்குத்தான் அந்தப் பெயர். அங்கே ஒரு கப்பல் வார இறுதியில் கரை சேர்கிறது, மாலுமிகள் ஊருக்குள் இறங்குகிறார்கள், ஒருவன் கொள்ளையடித்த வைரத்தைக் கடத்தும் வேலையில் மாட்டிக்கொண்டு, விவரம் தெரியாத நண்பனின் தலையில் அந்தப் பொட்டலத்தைக் கட்டிவிடுகிறான். அந்த நண்பன்தான் ஜானி, ஜமைக்கா மாலுமி, நம் கேமரன். ஈலிங் படநிறுவனத்துக்காக பாசில் டியர்டன் எடுத்த படம், வெளிவந்தது 1951-இல். கரீபியன் தீவுகளிலிருந்து பிரிட்டனில் குடியேற வந்தவர்களை ஏற்றிக்கொண்டு 'எம்பயர் விண்ட்ரஷ்' கப்பல் டில்பரி துறைமுகத்துக்கு வந்து மூன்று வருஷம்கூட ஆகவில்லை. கேமரனுக்கு அதுதான் முதல் படம், வயது 33.

இதில் ஜானிக்கும் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணுக்கும் இடையே மெல்ல ஒரு நேசம் முளைக்கிறது. அவள் பெயர் பாட், நாடக அரங்கில் டிக்கெட் கொடுப்பவள். வாசல் காவலாளி ஜானியை அவமானப்படுத்தும்போது அவள் இரக்கத்தோடு ஒரு வார்த்தை பேசுகிறாள், அதிலிருந்து ஆரம்பம். பிரிட்டிஷ் படம் ஒன்று இப்படியொரு உறவைக் காட்டத் துணிந்தது அதுதான் முதல் தடவை என்று திரைப்பட வரலாறு எழுதுகிறவர்கள் சொல்கிறார்கள். முத்தம் கிடையாது, கட்டியணைப்பு கிடையாது, அந்த அளவுக்குத் தைரியம் வரவில்லை. ஆனால் கிரீன்விச்சில் ஒரு காட்சி இருக்கிறது, உலகத்துக்கே நேரம் பிரிக்கும் கோடு ஓடுகிற இடம். அங்கே நின்று ஜானி பேசுகிறான். ராத்திரியில் கப்பலில் சுக்கான் பிடித்து நிற்கும்போது ஏன் ஒருவன் வெள்ளையாகப் பிறக்கிறான், இன்னொருவன் அப்படிப் பிறப்பதில்லை, கடவுளுக்கு என்ன நிறம் என்றெல்லாம் யோசனை வரும் என்கிறான். நட்சத்திரங்களுக்கு நடுவே பார்த்தால் அதெல்லாம் பெரிதாகத் தெரியாது என்கிறான். அவளும் அது ஒன்றும் பெரிய விஷயமில்லை என்கிறாள். இவன் ஒத்துக்கொள்வதில்லை. என்றைக்காவது ஒருநாள் பெரிதில்லாமல் போகலாம், இன்றைக்கு அப்படி இல்லை என்று நிதானமாகச் சொல்கிறான்.

நான் அந்தக் காட்சியை மூன்று தடவை பார்த்துவிட்டேன். குரலை உயர்த்துவதில்லை, கண்ணைத் துடைப்பதில்லை, முகத்தில் சோகத்தைப் பூசிக்கொள்வதும் இல்லை. வானிலை சொல்வது மாதிரி சொல்கிறார். நம் ஊரில் ஜாதியால் தள்ளிவைக்கப்பட்டவர்கள் சில பேர் இதே நிதானத்தில் பேசிக் கேட்டிருக்கிறேன். எதிரே இருப்பவர் நல்லவர் என்று தெரியும், ஆனால் அவருக்கு முழுசாக விளங்காது என்றும் தெரியும், அப்போது வருகிற நிதானம் அது.

திறமை இருந்தால் கதாநாயகன் ஆகியிருக்க வேண்டாமா? கடைசிவரை துணை நடிகராகவே இருந்துவிட்டாரே!
– வாசகர், கோயம்புத்தூர்

முதலில் ஒரு சொல்லைத் திருத்துகிறேன், கோபப்படாதீர்கள். துணை நடிகர் என்றால் நம் ஊரில் கூட்டத்தில் நிற்பவர் என்று நினைத்துக்கொள்வார்கள். இவருக்குப் பொருந்துவது குணச்சித்திர நடிகர்.

சரி, கேள்விக்கு வருகிறேன். திறமைக்கும் கதாநாயகன் ஆவதற்கும் அன்றைய லண்டனில் சம்பந்தமே இல்லை, அவர் நிறத்தில் பிறந்தவர்களுக்கு. இதை கேமரனே வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார்: கறுப்பினப் பாத்திரம் என்று கதையில் எழுதியிருந்தால்தான் கூப்பிடுவார்கள், வெள்ளையருக்கு எழுதிய வேடத்தைக் கறுப்பினத்தவருக்கு மாற்றிக் கொடுப்பதை நினைத்துக்கூடப் பார்க்க மாட்டார்கள் என்று. ஒரு டாக்டர், ஒரு வக்கீல், ஒரு பக்கத்து வீட்டுக்காரர், இதற்கெல்லாம் நிறம் எதற்கு? ஆனால் அந்த வேடங்கள் எதுவும் இவர் வாசலுக்கு வரவில்லை. முதல் படத்தில் அவ்வளவு பாராட்டு வாங்கிய ஒரு வெள்ளை நடிகருக்கு அடுத்த வருஷம் என்ன நடந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். இவருக்கு அடுத்த பெரிய வேடம் 1955-இல் 'சிம்பா'வில்தான் வந்தது. கென்யாவில் பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்து எழுந்த மாவ் மாவ் கிளர்ச்சி பற்றிய கதை, இரண்டு பக்கத்துக்கும் நடுவே மாட்டிக்கொள்ளும் ஆப்பிரிக்க டாக்டராக வருவார். படம் முழுக்க வெள்ளைக் குடியேறிகளின் கண்ணால் பார்க்கிற படம் என்பது என் அபிப்பிராயம். அதற்குள்ளேயும் இவர் ஒரு முழு மனிதரைக் கொண்டுவந்து நிறுத்திவிடுகிறார்.

அப்புறம் 'சஃபையர்', 1959. நாட்டிங் ஹில்லில் கறுப்பினத்தவர்களைத் துரத்தித் துரத்தி அடித்த கலவரம் நடந்தது 1958-இல், அடுத்த வருஷமே இந்தப் படம். ஹாம்ப்ஸ்டெட் புல்வெளியில் ஒரு மாணவியின் பிணம் கிடக்கிறது. வெள்ளைக்காரப் பெண் என்றே போலீஸ் நினைக்கிறது. அவளுடைய அண்ணன் பர்மிங்ஹாமிலிருந்து வருகிறார், டாக்டர் ராபின்ஸ். கதவைத் திறந்து கேமரன் உள்ளே வந்ததும் போலீஸ் மேலதிகாரிக்கு ஒரு கணம் பேச்சு வராது. அந்தத் திகைப்பை இவர் கவனிக்கிறார், ஆனால் ஆச்சரியப்படுவதில்லை. வாழ்க்கை முழுக்கப் பார்த்த முகம்தானே.

கடைசிக் காட்சியைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. கொலையான பெண்ணின் காதலன் வீட்டில் எல்லோரும் கூடியிருக்கிறார்கள், ராபின்ஸும் இருக்கிறார். பேச்சு ஓடிக்கொண்டிருக்கும்போது அங்கே கிடந்த குழந்தையின் பொம்மை ஒன்றை அவர் கையில் எடுக்கிறார். அவ்வளவுதான் அவர் செய்வது. அந்தக் கறுத்த விரல்கள் பொம்மையின்மேல் இருப்பதைப் பார்த்துப் பார்த்து அந்த வீட்டில் ஒருவரின் வெறுப்பு கட்டுக்கடங்காமல் வெடித்து வெளியே வருகிறது. கொலையாளி யார் என்று நான் சொல்லப்போவதில்லை. ஆனால் அந்தக் காட்சியில் கத்துகிறவர்களைவிட கையில் பொம்மையோடு சும்மா இருக்கிறவர்தான் உங்கள் மனதில் தங்குவார். அந்த வருஷத்தின் சிறந்த பிரிட்டிஷ் படம் என்று பாஃப்டா விருது வாங்கியது இது. கேமரனுக்கு அதனால் கதவு ஏதும் திறந்ததா என்றால், 1961-இல் 'ஃப்ளேம் இன் த ஸ்ட்ரீட்ஸ்'. மரச்சாமான் தொழிற்சாலையில் மேற்பார்வையாளராக உயரப்போகும் தொழிலாளி, கறுப்பினத்தவர் என்பதாலேயே எதிர்ப்பு. அதாவது திரும்பவும் நிறம்தான் வேடம்.

திறமை போதவில்லை என்று மட்டும் தயவுசெய்து சொல்லாதீர்கள். போதாமல் இருந்தது வேறு.

'தண்டர்பால்' படத்தில் இவர் இருக்கிறாரா?
– கல்லூரி மாணவர், திருநெல்வேலி

இருக்கிறார். 1965-இல் வந்த படம், பஹாமாஸில் ஜேம்ஸ் பாண்டுக்கு உதவும் பிண்டர். சின்ன வேடம்தான். அடுத்த வருஷம் 'டாக்டர் ஹூ' தொலைக்காட்சித் தொடரில் விண்வெளி வீரராக வந்தார், அது இதைவிட முக்கியம் என்பேன். அமெரிக்கக் கறுப்பினத்தவர் ஒருவர் நிஜமாகவே விண்வெளிக்குப் போனது 1983-இல்தான்.

'தி மெசேஜ்' படத்தில் அபிசீனிய மன்னராக வந்தவர் இவர்தானா? சின்ன வயதில் வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து பார்த்த படம்.
– வாசகி, காயல்பட்டினம்

இவரேதான் அம்மா. நபிகள் நாயகத்தின் வரலாற்றைச் சொல்லி 1976-இல் வந்த படம், ஆங்கிலத்திலும் அரபியிலும் வேறு வேறு நடிகர்களை வைத்துச் சேர்த்தே எடுத்தார்கள், ஆங்கிலத்தில் நஜ்ஜாஷி மன்னர் கேமரன். அடைக்கலம் தேடி வந்த முஸ்லிம்களைத் திருப்பி அனுப்பச் சொல்லி மக்காவிலிருந்து ஆட்கள் வந்து நிற்கும்போது, இரு தரப்பையும் கேட்டுவிட்டு அனுப்ப மாட்டேன் என்கிற அரசர். வேலை தேடி லண்டன் தெருவில் அலைந்து துரத்தப்பட்ட மனிதர் அந்தச் சிம்மாசனத்தில் உட்கார்ந்திருக்கிறார் என்பதை மனதில் வைத்துக்கொண்டு இன்னொரு தடவை பாருங்கள்.

நடுவில் பல வருஷம் இவரைக் காணவில்லையே, என்ன ஆனார்?
– வாசகர், புதுச்சேரி

1963-இல், ஈரானில் தோன்றிய பஹாய் சமயத்தில் சேர்ந்தார். 1979-இல் குடும்பத்தோடு சாலமன் தீவுகளுக்குப் போய், தலைநகர் ஹோனியாராவில் ஐஸ்கிரீம் கடை வைத்தார். மனம் உடைந்து போய்விட்டார் என்று சிலர் எழுதுவார்கள், எனக்கு அப்படித் தோன்றவில்லை, தன் சமயப் பணிக்காகப் போனவர். 1990-களில் இங்கிலாந்து திரும்பி மறுபடி நடிக்க ஆரம்பித்தார். 2005-இல் 'தி இன்டர்ப்ரெட்டர்' படத்தில் ஆப்பிரிக்க சர்வாதிகாரி, மறு வருஷம் 'தி குயின்' படத்தின் ஆரம்பத்திலேயே அரசியின் உருவப்படம் வரையும் ஓவியர். 2009-இல் பிரிட்டிஷ் அரசின் சி.பி.இ. பட்டம். 2012-இல் பெர்முடா தலைநகர் ஹாமில்டனில் உள்ள அரங்கத்துக்கு அவர் பெயரையே வைத்தார்கள். 2020 ஜூலை 3 அன்று, 102 வயதில் காலமானார்.

என் மகனுக்குப் பழைய கறுப்பு வெள்ளைப் படமெல்லாம் ஓடாது. அவனுக்கு இவரைக் காட்ட ஏதாவது வழி உண்டா?
– வாசகி, சேலம்

'இன்செப்ஷன்' படத்தைக் கட்டாயம் பார்த்திருப்பான். மொம்பாசாவில் ஒரு நிலவறை வருமே, வரிசையாகப் படுத்துக் கனவு கண்டுகொண்டிருப்பார்கள், நினைவிருக்கிறதா என்று கேளுங்கள். இவர்கள் தூங்க வருகிறார்களா என்று கேட்டதற்கு, இல்லை, விழித்துக்கொள்ளத்தான் வருகிறார்கள், கனவுதான் இவர்களுக்கு நிஜம் என்று ஒரு வழுக்கைத் தலைக் கிழவர் சொல்வார். அவர்தான். படம் வந்தபோது கேமரனுக்கு வயது 92. அரை நிமிஷம்கூட இருக்காது, ஆனால் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வைத்துக் கேட்கச் சொல்லுங்கள், ஒவ்வொரு சொல்லும் எவ்வளவு சுத்தமாக வந்து விழுகிறது என்று. அமண்டா அம்மையாரிடம் படித்த பாடம் அது.